உறையூரில் எழுந்த வினா

இன்ப வாழ்வு எது என்னும் வினாவைக் கிரேக்க மெய்யியலார் பலபட ஆராய்ந்தனர். வாழ்நாள் முழுதும் அறத்தின்வழி இயங்குதலே இன்பம் என்றார் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322), ஆயினும் நன்மக்களும் நண்பரும் அதற்கு வேண்டுமென்றார். கி.மு. 306 அளவில் ஏதென்சில் தோட்டப் பள்ளி கண்ட எபிகூரஸ், மனக்கலக்கமின்மையே இன்பம் என்றும், அரசியலின் நீங்கி நண்பரோடு வாழ்தலே அதற்கு வழி என்றும் கூறினார். அறம் ஒன்றே போதும் என்பது சீனோ வழிவந்த ஸ்டோயிக்கர் கொள்கை.

இதே வினா உறையூரிலும் எழுந்தது. உயிர்விடத் துணிந்த அரசன் ஒருவனைச் சூழ்ந்திருந்த சான்றோரிடையே எழுந்தது. தன் மக்கள் இருவர்மேலும் போருக்கெழுந்த கோப்பெருஞ்சோழனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் தடுத்தார். மன்னன் அரசு துறந்து வடக்கிருந்தான். அவ்விடம் ஆற்றிடைக்குறை ஒன்றன் மரநிழல் என்பது புறநானூற்றின் 219ஆம் பாடலால் விளங்கும். அக்குறையின் பெயரைப் பாடல் சுட்டவில்லை. எனினும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத்தைக் கண்டோர்க்கு அக்காட்சி எளிதில் புலப்படும்.

அரசனை முன்பு கண்டறியாத பிசிராந்தையார் பாண்டிநாட்டினின்று அங்கு வந்தார். நெடுங்காலமாக அவரைக் கேள்வியுற்றிருந்த சான்றோர், நரை தோன்றாமைக்குக் காரணம் வினவினர். மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், கருத்தறிந்த ஏவலர், முறைதவறாத வேந்தன், இவற்றுக்கும் மேலாகத் தம்மூரில் வாழும் அடக்கமுடைய சான்றோர் எனப் புலவர் விடையிறுத்தார். அது 191ஆம் பாடல்.

இவ்விடை அரிஸ்டாட்டிலின் கருத்துக்கு அணுக்கமானது. ஆயின் அவர் நட்புக்குக் கூடி வாழ்தல் வேண்டுமென்றார். பழக்கமின்றியும் உணர்ச்சி ஒன்றே நட்பாகும் என்னும் 785ஆம் குறளுக்குப் பரிமேலழகர் காட்டும் சான்று இவ்விருவரே. நண்பனுக்காக அறிவுடையோன் உயிரும் விடுவான் என எபிகூரஸ் மொழிந்ததுண்டு. ஆனால் தன்னின்பத்தை நாடுவோன் நண்பனைத் தன்னைப்போல் நேசிப்பது எவ்வாறு என்பதில் அவர் வழியினர் தம்முள் வேறுபட்டதைச் சிசரோ எழுதியுள்ளார். பிசிராந்தையாரோ காரணம் ஆராயவில்லை. குறைவற்ற வாழ்வை விட்டுவந்து சோழனுடன் வடக்கிருந்தார்.

இங்கு ஒன்று எண்ணத்தக்கது. நன்மக்களை இன்பத்திற்குக் காரணமாகப் புலவர் கூறிய இடம், மக்களால் நொந்த தந்தை உயிர்விட்ட இடம். அப்பேறு சோழனுக்கு வாய்க்கவில்லை. பட்டியலின் இறுதியில் நின்ற சான்றோர் மட்டும் இருவர்க்கும் பொதுவாயினர். எயிற்றியனாரும், மன்னன் சொற்படி மகன் பிறந்தபின் மீண்டு வந்து வடக்கிருந்த பொத்தியாரும் அத்தகையோர். புலவர் கூடிய அவை ஒருவன் வாழ்வுக்கு எத்துணைத் துணையாகும் என்பதை உறையூர் அன்றே உணர்த்திற்று.