புதுப் பேனாவும் சாத்தூர் நிப்பும்

கடையில் வாங்கிய புதுப் பேனா அன்றைக்கே ஒழுங்காக எழுதும் என்று நம் காலத்தில் யாரும் எதிர்பார்த்ததில்லை. பார்க்கர், ஷேஃபர் வைத்திருந்தவர்கள் சங்கதி வேறு. நான் சொல்வது பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் மயிலாப்பூர் மாட வீதியிலும், லஸ் முனையிலும், பாண்டி பஜாரிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்த மலிவுப் பேனாக்களைப் பற்றி. அதை வாங்கி, கழுவி, நிப்பைச் சரிபார்த்து, மை போட்டு, இரண்டு மூன்று நாள் எழுதிப் பழக்கிய பிறகுதான் அது பேனா. அதுவரை அது வெறும் குழாய்.

இந்த மலிவுப் பேனாவுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. விலை உயர்ந்த பேனாக்களின் சரித்திரத்தை எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நம் சட்டைப் பையில் இருந்ததன் சரித்திரத்தை நாம்தான் சொல்ல வேண்டும்.

'பேனா' என்ற சொல்லே போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. அவர்கள் மொழியில் அதற்கு இறகு என்று பொருள். பனை ஓலையில் எழுத்தாணியால் கீறிக்கொண்டிருந்த நம் ஊரில் இறகும், பிறகு தொட்டு எழுதும் கட்டைப் பேனாவும் வந்தன. மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுதும் தொல்லையைப் போக்கியது ஊற்றுப் பேனா. 1884-இல் அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மேன் அதற்கு ஒரு காப்புரிமை பெற்றார். நிப்புக்கு அடியில் ஒரு கட்டை வைத்து, அதில் மெல்லிய பள்ளங்கள் கீறிவிட்டார். அதன் வழியே மை கீழே இறங்கும், அந்த இடத்தை நிரப்பக் காற்று மேலே ஏறும். பேனா என்பதன் சூட்சுமமே இவ்வளவுதான். மை வெளியே வர வேண்டுமானால் காற்று உள்ளே போக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போகும் வைத்தியமெல்லாம் தானாகப் புரியும்.

நம் பட்டணத்துக்கு வெளிநாட்டுப் பேனாக்களைக் கொண்டுவந்து விற்றவர்களில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1928-இல் தொடங்கிய நிறுவனமும் ஒன்று. மோப்ரேஸ் ரோடு என்று நாம் சொல்லிப் பழகிய சாலைக்கு இப்போது அவர் பெயர்தான். ஷேஃபர், வாட்டர்மேன் போன்ற சரக்குகளை அந்த நிறுவனம் விநியோகித்தது. ஆனால் அதெல்லாம் வக்கீல்களுக்கும் அதிகாரிகளுக்கும். குமாஸ்தாவுக்கும் வாத்தியாருக்கும் எட்டாத விலை.

சுதேசிப் பேனா என்ற யோசனை அங்கேதான் முளைத்தது. ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் என்பவர் கையால் கடைந்து செய்த பேனா 1935-இல் காந்திஜியிடம் போய்ச் சேர்ந்தது. கொண்டு சேர்த்தவர் நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, அப்போது அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தை நடத்தி வந்தவர். அதை வைத்து எழுதிப் பார்த்த காந்திஜி, கடைவீதியில் கிடைக்கும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்றாகத் தெரிகிறது என்று ரத்னத்துக்குக் கடிதம் எழுதினார். மை விஷயத்திலும் இதே கதைதான். பம்பாயில் 1931-இல் தொடங்கிய தாண்டேகர் கம்பெனி முதலில் குதிரை மார்க் மைத்தூளும் பிறகு கேமல் மையும் கொடுத்தது. வங்காளத்திலிருந்து சுலேகா வந்தது. பின்னாளில் நம் வீட்டு அலமாரிகளை ஆண்டது பிரில்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1957 வாக்கில், நாட்டில் அந்நியச் செலாவணி நெருக்கடி. இறக்குமதிக்கு லைசென்ஸ் கிடைப்பது குதிரைக் கொம்பாயிற்று. அப்போது மத்திய நிதியமைச்சர் யார்? அதே டி.டி.கே.தான்! வெளிநாட்டுப் பேனாவைக் கடை கடையாகக் கொண்டுசேர்த்த நிறுவனத்தைத் தொடங்கியவர் நிதியமைச்சராக இருந்த நாளில்தான் அந்தப் பேனாக்கள் கடையிலிருந்து மறையத் தொடங்கின. சரித்திரத்துக்கும் கொஞ்சம் நகைச்சுவை உண்டு.

கதவு மூடியதும் உள்ளூர்க்காரர்களுக்கு வழி பிறந்தது. பேனாவின் உடம்பைக் கடைந்துவிடலாம், அச்சில் வார்த்துவிடலாம். நிப்புக்கு எங்கே போவது? அதற்கு விடை சொன்ன ஊர் சாத்தூர்.

சாத்தூர் என்றதும் உங்களுக்குக் காராச்சேவும் வெள்ளரிக்காயும் ஞாபகம் வரும். நிப்பும் வர வேண்டும். வைப்பாற்றங்கரை என்று பெயர்தானே தவிர, ஆற்றில் மணல்தான் ஓடும். கரிசல் காடு. மழையை நம்பினால் பிழைக்க முடியாது என்று தெரிந்த சீமை அது. பக்கத்துச் சிவகாசி தீப்பெட்டியையும் பட்டாசையும் அச்சுத் தொழிலையும் பிடித்துக்கொண்டது. சாத்தூர் பேனா நிப்பைப் பிடித்துக்கொண்டது. காமராஜர் 1957-லும் 1962-லும் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் இந்தச் சாத்தூர் தொகுதியிலிருந்துதான். ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்து, 1956-இல் மதிய உணவும் போட்டுப் பிள்ளைகளை உள்ளே அழைத்தவர் அவர். அந்தப் பிள்ளைகள் சிலேட்டும் பல்பமும் முடித்து, மேல் வகுப்புக்குப் போய்ப் பேனா பிடித்தபோது, அதன் முனையில் அவருடைய தொகுதிக்காரர்களின் கைவேலை இருந்தது. இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்?

நிப்பு செய்வது சின்ன வேலை போலத் தெரியும். எஃகுத் தகட்டை நிப்பு வடிவில் வெட்ட வேண்டும். நடுவில் காற்றுக்காக ஓட்டை போட வேண்டும். மார்க் பதிக்க வேண்டும். கட்டையின் மேல் உட்காரும்படி வளைக்க வேண்டும். ஓட்டையிலிருந்து முனைவரை தலைமுடி போல ஒரு பிளவு கீற வேண்டும். கடைசியில் முனையைத் தேய்த்து மெருகு ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு கை, ஓர் அழுத்தம். பிளவு அரை நூல் அளவு விலகினாலும் நிப்பு வீண். பெரிய விலைப் பேனாவின் முனையில் இரிடியம் என்று ஒரு கடினமான உலோக மணி ஒட்டியிருக்கும். மலிவு நிப்பில் அது கிடையாது. எஃகுதான் காகிதத்தில் உரசும்.

இந்தக் குறையில்தான் ஒரு குணமும் இருந்தது. மணி இல்லாத எஃகு முனை, எழுதுகிறவர் கையின் சாய்வுக்கு ஏற்பச் சீக்கிரம் தேயும். ஒரு மாதத்தில் அந்தப் பேனா உங்கள் கைக்கு மட்டும் வழவழப்பாக ஓடும், இன்னொருவர் வாங்கி எழுதினால் கீறும். பேனாவை இரவல் கொடுக்காதே என்று பெரியவர்கள் சொன்னது கஞ்சத்தனத்தால் மட்டும் அல்ல.

வாங்கும் முறையையும் நினைத்துப் பாருங்கள். கடைக்காரர் உடம்பைத் தனியாக எடுப்பார், நிப்பைத் தனியாக எடுப்பார். கட்டையையும் நிப்பையும் சேர்த்துக் கழுத்தில் செருகி, மையில் தொட்டு நம்மிடம் நீட்டுவார். துண்டுக் காகிதத்தில் முதலில் பிள்ளையார் சுழி, அப்புறம் பெயர், அப்புறம் எட்டு எட்டாகச் சுழித்தல். கீறினால் வேறு நிப்பு. பட்டையாக எழுதினால் வேறு நிப்பு. என் அப்பா நாலு நிப்பாவது மாற்றச் சொல்லாமல் கடையை விட்டு இறங்கமாட்டார். கடைக்காரரும் சளைக்கமாட்டார். பேனா நன்றாக எழுதுகிறதா என்பதற்கு அவரும் பொறுப்பு.

அதன் பிறகு வீட்டு வேலை. இப்போதும் மலிவான புதுப் பேனா வாங்குகிறவர்களுக்கு இது உதவும் என்பதால் முறையாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பேனாவைக் கழற்றி நன்றாகக் கழுவ வேண்டும். கடையும்போதும் வார்க்கும்போதும் பட்ட எண்ணெய்ப் பசை கட்டையின் பள்ளங்களில் ஒட்டியிருக்கும். எண்ணெய் இருக்கும் இடத்தில் மை ஒட்டாது. புதுப் பேனா விட்டுவிட்டு எழுதுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் போதும். கொதிநீர் கூடாது, கட்டை கோணிக்கொள்ளும். நம் போர் தண்ணீர் உப்பு. ஆகவே கடைசி அலசலுக்குக் குடிக்கிற தண்ணீர் நல்லது. பிறகு ஓர் இரவு நிழலில் காயட்டும்.

அடுத்தது நிப்பு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று தூக்கியிருந்தால் அதை நகத்தால் மெல்ல அழுத்திச் சமப்படுத்தலாம். பிளவு இறுகிப்போயிருந்தால் பழைய பிளேடின் விளிம்பை அதில் ஒரே ஒரு தடவை இழுத்தால் மை இறங்கும். இரண்டாவது தடவை இழுக்க ஆசை வரும், வேண்டாம். நிப்பின் நடுக்கோடும் கட்டையின் பள்ளமும் நேருக்கு நேராக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மரை. உடம்பிலேயே மை ஊற்றும் பேனாவில் கழுத்து திருகும் இடத்தில் கசியும். அந்த நாளில் மரையில் சோப்பைத் தடவுவோம், வெள்ளை நூலைச் சுற்றுவோம். இப்போது சிலிக்கான் கிரீஸ் என்று கிடைக்கிறது, துளி தடவினால் போதும்.

கடைசியில் மை. பேனாவுக்கான மைதான் ஊற்ற வேண்டும். சித்திரம் வரையும் கறுப்பு மை காய்ந்தால் பிசின் போல அடைத்துக்கொள்ளும். முக்கால் பாகம் நிரப்பி, நிப்பு மேலே இருக்கும்படி சட்டைப் பையில் வைக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் உடனே நிரப்பிவிடுவது நல்லது. மை குறையக் குறைய உள்ளே காற்று கூடும். நம் ஊர் வெயிலும் கைச்சூடும் பட்டு அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். நாம் 'பேனா கக்குகிறது' என்று திட்டியதெல்லாம் இதைத்தான். பரீட்சைக்கு முன்னால் அவசரமாக அரைப் பேனா மை போட்டுக்கொண்டு ஓடியவனின் சட்டைப் பையில்தான் நீலப் பூ பூக்கும்.

வகுப்பில் மை கொட்டினால் சாக்பீஸால் ஒற்றுவதும், நிப்பைத் தலைமுடியில் துடைப்பதும், மை தீர்ந்தவனுக்குப் பெஞ்சின் மேல் இரண்டு சொட்டுக் கடன் விடுவதும் அந்தந்த வயதின் சாஸ்திரங்கள். ஆபீசுக்குப் போனதும் நீலமும் சிவப்பும் பச்சையும் யார் யாருக்கு என்ற இன்னொரு சாஸ்திரம் தொடங்கியது. பச்சை மைக் கையெழுத்துக்காகச் சான்றிதழ் நகலோடு கெஜட்டட் ஆபீசர் வீட்டு வாசலில் நின்றவர்கள் நம்மில் பலர் உண்டு.

பிறகு பால் பாயிண்ட் வந்தது. கையெழுத்து கெட்டுப்போகும் என்று பல பள்ளிகள் அதை வாசலிலேயே நிறுத்திப் பார்த்தன. முடியவில்லை. கழுவ வேண்டாம், ஊற்ற வேண்டாம், கக்காது. ரெனால்ட்ஸ் பேனா நம் சென்னையிலேயே தயாராகி நாடெங்கும் போயிற்று. அவசரத்துக்கு அது நல்ல பேனா, அதைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் அதன் முனையில் இருந்த உருண்டை சாத்தூரில் செய்தது அல்ல. மை தீர்ந்தால் ரீஃபில், ரீஃபிலும் அலுத்தால் குப்பைத்தொட்டி. நிப்பை மட்டும் மாற்றிக்கொள்கிற வாடிக்கைக்காரர் குறைந்ததும், நிப்பு வெட்டியவர்களின் பொறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்தக் கைகள் வேறு வேலை தேடிப் போயின. எந்தப் பத்திரிகையிலும் தலைப்புச் செய்தி ஆகாமல் ஒரு தொழில் அடங்கிப்போனது. நாமும் கவனிக்கவில்லை. நம் பையில் அப்போது பால் பாயிண்ட் இருந்தது.

முழுக்க அணைந்துவிடவில்லை. திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் இன்றும் எபோனைட் கட்டையைக் கையால் கடைந்து பேனா செய்கிறார்கள், வெளிநாடுகளிலிருந்தும் கேட்டு வாங்குகிறார்கள். சுலேகா மை திரும்பி வந்திருக்கிறது. சில பள்ளிகளில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை மறுபடி மைப் பேனா வாங்கச் சொல்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பேரன் பேத்திக்கு அப்படி ஒன்று வாங்கும்படி நேர்ந்தால், கழுவி, பிளவு பார்த்து, மை ஊற்றித் தயாராகக் கையில் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து அதன் கையாலேயே செய்யவையுங்கள். விரலில் மை படட்டும். மேஜை மேல் பழைய ஹிந்து பேப்பரை விரித்துக்கொண்டால் வீட்டு அம்மாளிடம் நீங்கள் திட்டு வாங்காமல் தப்பிக்கலாம்.