எலிசாவும் அவளைப் படைத்தவரும்

செயற்கை நுண்ணறிவு மக்கள் வாழ்வை நெடுங்காலத்தில் எவ்வாறு மாற்றும் என்னும் வினா, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னரே எழுந்தது என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் பொருந்தாது. 1966-ஆம் ஆண்டிலேயே உரையாடும் கணிப்பொறி நிரல் ஒன்றைப் பற்றி உலகுக்கு எடுத்துரைத்த அறிஞர் ஒருவர், மக்கள் அதனை ஏற்றுக்கொண்ட விதத்தைக் கண்டு தாமே திடுக்கிட்டார். அவர் பெயர் ஜோசப் வைசன்பாம்.

1923-இல் பெர்லின் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்த வைசன்பாம், இட்லர் ஆட்சிக்குத் தப்பி 1936-இல் பெற்றோருடன் அமெரிக்கா சேர்ந்தார். கணிதம் பயின்றார். 1950-களில் வங்கிக் காசோலைகளைப் படித்துக் கணக்கில் ஏற்றும் பெரும்பொறியொன்றை அமைக்கும் பணியில் ஈடுபட்டார். பின்னர் மாசசூசட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரானார். அங்கே அவர் எழுதிய நிரலே எலிசா. பெர்னார்டு ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தில், பூ விற்கும் ஏழைப்பெண் ஒருத்தி ஆசிரியரொருவரிடம் பயின்று உயர்குடியினர்போல் பேசக் கற்கிறாள். அவள் பெயரையே நிரலுக்கும் இட்டார். மாணவியின் பெயர் இயந்திரத்திற்கு வாய்த்தது ஆசிரியர்கள் கருதிப்பார்க்கத்தக்க ஒன்று.

எலிசா செய்தது என்ன? ஒருவர் தட்டச்சில் ஒரு வாக்கியத்தை அடித்தால், அதிலுள்ள முதன்மைச் சொல்லை அது தேடும். 'தாய்' என்னும் சொல் அகப்பட்டால் குடும்பத்தைப் பற்றி மேலும் கூறும்படி கேட்கும். சொல் ஒன்றும் அகப்படாவிடில் 'மேலே சொல்லுங்கள்' என்பது போன்ற பொதுமொழி கூறித் தப்பித்துக்கொள்ளும். இலக்கணமாகச் சொன்னால், தன்மையை முன்னிலையாக மாற்றி வாக்கியத்தை வினாவாக்குவதே அதன் பெருந்தொழில். 'என் நண்பர்' என்றால் 'உங்கள் நண்பரா?' என்று கேட்கும். (ஆங்கிலத்தில் பெரும்பாலும் பெயரை மாற்றினால் போதும். தமிழிலோ 'வருந்துகிறேன்' என்பதன் விகுதியையும் மாற்றியாக வேண்டும். எலிசா தமிழ் பேசியிருந்தால் அவள் பாடு சற்றுக் கடினமே.) பொருள் உணர்தல் என்பது அதில் அணுவளவும் இல்லை. அக்குறை வெளிப்படாதிருக்கவே, நோயாளி சொன்னதைத் திருப்பிக் கேட்கும் வழக்கமுடைய மனநல மருத்துவர் வேடத்தை அதற்குப் புனைந்தார் வைசன்பாம்.

அதன்பின் நிகழ்ந்தது அவர் எதிர்பாராதது. அவருடைய செயலாளர், பல திங்களாக அந்நிரல் உருவாவதை அருகிருந்து கண்டவர். அது வெறும் நிரலே என்று நன்கறிந்தவர். அவரே எலிசாவுடன் சில வாக்கியங்கள் பரிமாறிக்கொண்டதும், தனியே பேச வேண்டும் என்று சொல்லி வைசன்பாமை அறையைவிட்டு வெளியே போகுமாறு கேட்டுக்கொண்டார். அறியாமையால் மயங்கினார் என்று அவரைச் சொல்ல இயலாது. அறிந்தும் மயங்கினார் என்பதே இதிலுள்ள செய்தி. அதே ஆண்டில் கென்னத் கோல்பி என்னும் மனநல மருத்துவரும் அவர் துணைவர்களும், இத்தகைய பொறி மருத்துவமனைகளில் மணிக்குப் பல நூறு நோயாளரைக் கவனிக்கும் என எழுதினர். மனிதர் மனிதருக்குச் செய்யவேண்டிய தொண்டினைப் பொறியிடம் ஒப்படைக்க மருத்துவர்களே முன்வந்தது வைசன்பாமைப் பெரிதும் வருத்தியது.

அவ்வருத்தத்தின் விளைவே 1976-இல் அவர் வெளியிட்ட நூல். கணக்கிட்டு முடிவு காண்பது வேறு, ஆய்ந்து தீர்ப்பளிப்பது வேறு என்பது அதன் சாரம். முன்னது பொறிக்கு இயலும். பின்னதற்கோ வாழ்ந்து பட்டறிந்த உள்ளம் வேண்டும். ஆகவே, பொறியால் இயலுமா என்று கேட்பதோடு நில்லாமல், இயன்றாலும் செய்விக்கத் தகுமா என்று கேட்கச் சொன்னார். அந்நூலில் அதிகம் பேசப்படாத கருத்து மற்றொன்றும் உண்டு. கணிப்பொறி உலகைப் புரட்டிப்போட்டது என்று யாவரும் கூற, அவரோ அது பழைய அமைப்புகளைக் காப்பாற்றிவிட்டது என்றார். வேலைப்பளு பெருகித் தடுமாறிய வங்கிகளும் அரசு அலுவலகங்களும் தம்மைச் சீர்திருத்திக்கொள்ள நேர்ந்திருக்கும். பொறி வந்ததால் சீர்திருத்தமின்றியே முன்போல நடந்தன. வங்கிப்பொறி அமைத்தவரே இதைச் சொன்னார் என்பதனால் இக்கூற்றுக்கு எடை மிகுதி. இன்று ஒரு பள்ளியில் மாணவர் கட்டுரைகளைத் திருத்தப் பொறி வந்தால், வகுப்பில் ஏன் இத்தனை மாணவர் என்னும் கேள்வி எழாமலே போகக்கூடும் அன்றோ?

எதிர்ப்பும் கடுமையாகவே இருந்தது. 'செயற்கை நுண்ணறிவு' என்பதன் ஆங்கிலப் பெயரைப் படைத்த ஜான் மெக்கார்த்தி, அந்நூல் அறிவுக்குப் பொருந்தாதது என்று அவ்வாண்டிலேயே மதிப்புரை எழுதினார். எங்கே எல்லை வகுப்பது என்பதை வைசன்பாம் தெளிவாக வரையறுக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் எல்லை ஒன்று வேண்டும் என்பதை அக்குறை பொய்யாக்கிவிடாது.

1996-இல் பெர்லினுக்குத் திரும்பிய வைசன்பாம் 2008 மார்ச்சில் மறைந்தார். பொறியின் சொல்லில் மனிதர் உள்ளத்தைக் காணும் இயல்புக்கு 'எலிசா விளைவு' என்னும் பெயர் நிலைத்தது. அவர் விட்டுச்சென்ற தாள்களிடையே 2021-இல் எலிசாவின் மூலநிரல் கண்டெடுக்கப்பட்டது. ஆய்வாளர்கள் 2024 டிசம்பரில் அதனை மீண்டும் இயக்கினர். எலிசா முன்போலவே கேள்வி கேட்டாள்.