இரண்டு பட்டியல்கள்

2003 ஜூலையில் ஜாக்டோ-ஜியோ, கோட்டா-ஜியோ வேலைநிறுத்தத்தை உடைக்க, டெஸ்மா சட்டத்தை அவசரமாகத் திருத்தி, சுமார் 1.7 லட்சம் ஊழியர்களையும் ஆசிரியர்களையும் தமிழக அரசு வேலைநீக்கம் செய்தது. டேட்டாபேஸில் வேலை பார்க்கும் எனக்கு அந்த வேகம்தான் இன்றும் பயம். யார் வரலைன்னு வருகைப் பதிவேடே சொல்லிவிடும்.

சங்கத்துக்கு? சந்தா ரசீதில் பெயர் இருக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஆலத்தூர் நாட்டில் பாடம் நடத்துகிறவர் சம்பளம் நின்றால் எப்படிச் சமாளிப்பார், அவரிடம் யார் போய்ப் பேசுவது? ரசீதில் அதெல்லாம் இருக்காது. நேரில் போய்க் கேட்டு எழுதினால்தான் உண்டு.

ஆகஸ்ட் 6 அன்று, வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்றது உச்ச நீதிமன்றம். மன்னிப்பு கேட்டுத்தான் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். சேர்ந்து நிறுத்திய வேலைக்கு, தனித்தனிக் கடிதம்.