கடைசிப் பக்கம் இல்லாத புத்தகங்கள்: 2012-இல் தமிழ்ச் சித்திரக்கதை



நினைவுச் சொற்பொழிவுக்குக் காமிக்ஸ் ஒரு பொருளா என்று மன்றத்துக்குள்ளேயே கேள்வி எழுந்தது. யாருடைய நினைவில் இங்கே கூடியிருக்கிறோமோ, அந்த மூத்த தோழரிடமிருந்தே பதில் சொல்லத் தொடங்குகிறோம். காலனியின் சாவடியில் அவர் நடத்திய இரவுப் பாடசாலையில் பாடப்புத்தகத்தை விட அதிகமாகக் கைமாறியது சித்திரக்கதைதான். அருப்புக்கோட்டைப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிச் சாக்கில் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவருவார். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் படத்தைப் பார்த்துக் கதையைப் பிடித்துக்கொள்ளும், பிறகு எழுத்து தானாக வரும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு பொய்க்கவில்லை. இன்று இந்த மேடையில் நிற்கிற நாங்கள் அதற்குச் சாட்சி.

எடைக்கு வந்த புத்தகங்களில் அட்டை இருக்காது. பெரும்பாலும் கடைசித் தாளும் இருக்காது. வில்லன் துப்பாக்கியை நீட்டியிருப்பான், அதோடு கதை நின்றுவிடும். தோழர் கரித்துண்டை எடுத்துக் கொடுத்து, "மிச்சத்தை நீங்க போடுங்கடா" என்பார். எங்கள் ஊரில் கரிக்குப் பஞ்சமில்லை. கண்மாய்க்கரையெல்லாம் சீமைக்கருவேலம், வெட்டி மூட்டம் போடுவது எங்கள் பெற்றோரின் பிழைப்பு. சாவடிச் சுவர் முழுக்க நாங்கள் வரைந்த முடிவுகள் கிடந்தன. ஒரே கதைக்கு ஏழெட்டு முடிவுகள் இருந்தன.

அந்தச் சுவரிலிருந்து 2012 என்ற ஓராண்டைப் பார்க்க விரும்புகிறோம். தமிழ்ச் சித்திரக்கதைத் தொழில் தலைகீழாக மாறிய ஆண்டு அது. அம்பேத்கரின் கேலிச்சித்திரம் ஒன்றுக்காக நாடாளுமன்றம் ஒத்திவைக்கப்பட்ட ஆண்டும் அதுவே. இரண்டையும் யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. நாம் பேசியாக வேண்டும்.

சிவகாசியும் இரும்புக்கையும்

தமிழ் காமிக்ஸ் வரலாற்றில் சிவகாசிக்குத் தனி இடம் உண்டு. 1972-இல் சௌந்திரபாண்டியன் அங்கிருந்து முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. 1984-இல் அவருடைய மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டு சென்னையிலிருந்து தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் வந்தது. மலிவுத் தாள், கறுப்பு வெள்ளை அச்சு, சட்டைப்பையில் அடங்கும் அளவு, பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கும் விற்பனை என்று இருபது ஆண்டுகள் ஓடின. பிறகு தொலைக்காட்சி வந்தது, தாள் விலை ஏறியது. ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றது. சிவகாசி இதழ்களும் எப்போது வரும் என்று தெரியாத நிலைக்குப் போயின.

1972-ஐக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அதே ஆண்டில்தான் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார், ராஜா தாலே போன்ற இளைஞர்கள் தலித் பேந்தர்ஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். அமெரிக்கக் கறுப்பர்களின் பிளாக் பேந்தர் கட்சியிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். அந்தச் செய்தி எங்கள் பக்கம் வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. மாயாவி அதற்கு முன்பே வந்துவிட்டார்.

1962-இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' இதழில் பிறந்தவர் அந்த மாயாவி. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர் கதாநாயகன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

இந்தக் கதை எங்களுக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று சமூகவியல் படித்த பிறகுதான் யோசித்தோம். ஊருக்குள் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அந்த வித்தை தெரியும். களை எடுக்க, மிளகாய்ப் பழம் பறிக்க, இழவு சொல்ல, குழி வெட்டக் கை தெரியும். ஆள் தெரியமாட்டான். அதிகாலை இருட்டில் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறிப் போன எங்கள் அக்காமாரின் கைகளும் அப்படியே. தமிழ்நாட்டு அடுப்புகளுக்குப் போன தீப்பெட்டியில் லேபிள் ஒட்டியது அந்தக் கைகள்தாம். நாங்கள் முதலில் பார்த்த வண்ணப்படமும் அந்த லேபிள்தான்.

கதைகளுக்குள் எங்கள் நிறத்துக்காரர்களைத் தேடியபோது கிடைத்தவர்கள் இருவகை. வேதாளன் என்றும் மாயாவி என்றும் நாம் அறிந்த பாண்டத்தின் காட்டில், அவனைக் காவல் தெய்வமாகக் கும்பிடும் பழங்குடிகள். மாண்ட்ரேக்கின் அருகில், இளவரசனாகப் பிறந்தும் எடுபிடியாகச் சித்தரிக்கப்பட்ட லொதார். 1930-களின் அமெரிக்காவில் உருவான பாத்திரங்கள் இவை. விளையாட்டில் வேதாளன் வேடம் யாருக்கு என்று எங்களுக்குள் அடிதடி நடக்கும். காட்டு மக்களாக நடிக்க ஒருவன் முன்வரமாட்டான். படம் எங்களுக்குள் என்ன வேலை செய்திருந்தது என்பதற்கு இதைவிட வேறு ஆய்வு தேவையில்லை.

மாறியது என்ன?

2012 ஜனவரியில் 'லயன் கம்பேக் ஸ்பெஷல்' வந்தது. சென்னைப் புத்தகக் கண்காட்சியில் பழைய வாசகர்கள் தேடிவந்து வாங்கினார்கள். தொடர்ந்து அதே ஆண்டில், முழு வண்ணத்தில், வழவழப்புத் தாளில், பெரிய அளவில் பெல்ஜிய நாயகன் லார்கோ வின்ச் தமிழ் பேசினான். பத்து ரூபாய்ப் புத்தகம் நூறு ரூபாய் ஆனது. பெட்டிக்கடைக் கிளிப்பிலிருந்து சந்தாவுக்கும் புத்தகக் கண்காட்சிக்கும் இணைய விற்பனைக்கும் தொழில் நகர்ந்தது. அடுத்த ஜனவரியில் நானூறு ரூபாய்ச் சிறப்பிதழே வெளிவந்தது.

பதிப்பாளரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்த முடிவை எடுத்திருக்காவிட்டால் தமிழ் காமிக்ஸ் என்ற ஒன்றே இன்று இருந்திருக்காது. அழியவிருந்த ஒரு தொழிலைக் காப்பாற்றியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் எந்த வாசகரை முன்னிட்டு அது காப்பாற்றப்பட்டது என்று கேட்பது நம் கடமை. 2012 ஏப்ரலில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி நாளொன்றுக்கு 132 ரூபாய். ஒரு புத்தகம் ஏறத்தாழ ஒரு நாள் வெயில். சேகரிப்பாளர்கள் அந்தப் புத்தகத்தை உறை போட்டுப் பாதுகாக்கிறார்கள், எடைக்குப் போடுவதில்லை. பழைய பேப்பர் கடைக்கும் சாவடிக்கும் இருந்த வழி அதோடு அடைபட்டது. படத்தின் தரம் உயர்ந்தது, வண்ணம் வந்தது, மொழிபெயர்ப்பு மெருகேறியது. வரைபவர் யார், வரையப்படுபவர் யார் என்பது மட்டும் மாறவில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 35-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கையை இழந்தவருக்கு இரும்புக்கை கிடைப்பது சிவகாசியில் அச்சான கதையில் மட்டும்தான் நடந்தது.

நத்தையின் மேல் அம்பேத்கர்

2012 மே 11. பதினோராம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூலில் இருந்த ஒரு கேலிச்சித்திரத்தைத் தோழர் திருமாவளவன் மக்களவையில் எழுப்பினார். சங்கர் 1949-இல் வரைந்த சித்திரம் அது. அரசியலமைப்பு என்ற நத்தையின் மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் நேரு சாட்டையை ஓங்குகிறார், கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. அவை அமளியானது. அமைச்சர் கபில் சிபல் வருத்தம் தெரிவித்தார். பாடநூல் ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்சிகரும் விலகினார்கள். சித்திரங்களை ஆராய சுகதேவ் தோரட் தலைமையில் குழு அமைந்தது.

கருத்துரிமை போயிற்று என்று அன்று எழுதியவர்கள் பலர். சித்திரத்தை விளக்கும் பாடத்தையும் படியுங்கள் என்றார்கள். நாங்கள் படித்தோம், பாடம் நேர்மையாகவே இருந்தது. ஆனால் படம் பாடத்தை விட வேகமாக ஓடும். வகுப்பில் ஒரே ஒரு தலித் மாணவன் உட்கார்ந்திருக்க, நாற்பது பேர் அந்தச் சாட்டையைப் பார்த்துச் சிரிக்கும் காட்சியை அந்த எழுத்தாளர்கள் யோசிக்கவில்லை. தாமதம் என்ற குற்றச்சாட்டுக்கு அம்பேத்கரே 1949 நவம்பர் 25 உரையில் பதில் சொல்லிவிட்டார். கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்கு வைத்தார். அந்தப் பதிலை யாரும் படமாக வரையவில்லை. சித்திரம் 2012 வரை வாழ்ந்தது.

எங்கள் பகுதிக்கு அந்த வாதம் ஏட்டுச்சுரைக்காய் அல்ல. முந்தைய செப்டம்பரில் கமுதி வட்டாரத்தில் தலித் பள்ளி மாணவன் ஒருவன் வெட்டிக் கொல்லப்பட்டான். சுவரில் எழுதப்பட்டிருந்த வாசகம் காரணமாகச் சொல்லப்பட்டது. இரண்டு நாளில் பரமக்குடியில் துப்பாக்கிச்சூடு. அதன் பிறகு எங்கள் பிள்ளைகள் கரித்துண்டை எடுத்தாலே தாய்மார் ஓடிவந்து பிடுங்கினார்கள். தோழரின் சாவடிச் சுவருக்கு வெள்ளையடித்தது வேற்றாள் இல்லை, நாங்களேதான். எழுதாத சுவர்தான் பத்திரம் என்று நினைத்தோம். படம் வரைய டெல்லியில் உரிமை கேட்டார்கள், இங்கே ஒரு சுவருக்கு ஓர் உயிர் விலை.

அதனால் அன்றைய எதிர்ப்பு சரி என்றே இன்றும் சொல்கிறோம். கூடவே நம்மையும் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். படம் வந்த பிறகு ஆட்சேபிக்க மட்டுமா நாம் வருகிறோம்?

கட்டத்தை உடைத்தவர்கள்

அதற்கு முந்தைய ஆண்டு, 2011-இல், நவயானா பதிப்பகம் 'பீமாயணா'வை வெளியிட்டிருந்தது. பின்னர் தமிழிலும் 'பீமாயணம்' என்றே வந்தது. அம்பேத்கரின் தன்வரலாற்றுக் குறிப்புகளை ஆதாரமாகக் கொண்ட அதற்கு எழுத்து ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும். வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு பழங்குடி ஓவியர்கள். மனிதர்களைக் கட்டங்களுக்குள் அடைக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. பக்கம் முழுக்க ஆட்கள் மூச்சுவிட இடம் கொடுத்தார்கள். அன்பான பேச்சுக்குப் பறவை வடிவில் பேச்சுக்குமிழ், கொட்டும் பேச்சுக்குத் தேள் கொடுக்கு. சாதிச்சொல் தேளாகக் கொட்டும் என்பது வேறெந்தக் காமிக்ஸ் நாட்டுக்காரருக்கும் தோன்றாத உத்தி.

1901-இல் சிறுவன் பீமும் உடன்பிறந்தாரும் அப்பாவைப் பார்க்க மாட்டுவண்டியில் போன இரவு அதில் வருகிறது. கையில் சோறு இருந்தது, தீண்டாமையால் தண்ணீர் கிடைக்கவில்லை, பட்டினியாகக் கிடந்தார்கள். குடத்தோடு நடந்து பழகிய எங்கள் கரிசல் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்தை விளக்கவே தேவைப்படவில்லை. வேதாளனாக யார் நடிப்பது என்ற சண்டையும் வரவில்லை. எல்லோரும் பீமாக நடித்தார்கள்.

அமெரிக்காவிலும் ஒரு கடைசிக் கட்டத்துக்காகச் சண்டை நடந்திருக்கிறது. நிறவெறியைச் சாடும் விண்வெளிக் கதை ஒன்றின் முடிவில் வீரன் தலைக்கவசத்தைக் கழற்றுவான், அவன் கறுப்பன் என்று தெரியும். 1956-இல் அதை மறுபதிப்பு செய்யப் போனபோது தணிக்கை அலுவலர் அவன் கறுப்பனாக இருக்கக் கூடாது என்றார். இ.சி. காமிக்ஸ் பதிப்பாளர் வில்லியம் கெயின்ஸ் மறுத்து, அப்படியே அச்சிட்டார். முகத்தை மாற்றிவிட்டால் அந்தக் கதையே இல்லை என்பது இருதரப்புக்கும் தெரிந்திருந்தது.

2012 நமக்குக் கற்றுத்தந்தது இதுதான். தாள் மாறினாலும் விலை மாறினாலும் விற்பனை வழி மாறினாலும், தூரிகை யார் கையில் என்பது தானாக மாறாது. அதை மாற்றுவது நம் வேலை. அச்சு இயந்திரம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அதை ஓட்டும் கைகளில் நம்முடையவையும் உண்டு. கதைகளோ கண்மாய்க்கரை முழுக்கக் கிடக்கின்றன. மாணவத் தோழர்களே, ஆய்வேடு எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே உங்கள் தெருப் பிள்ளைகளிடம் ஒரு கரித்துண்டைக் கொடுங்கள்.

சென்ற மாதம் சாவடியின் உட்சுவரைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டோம். தாய்மார்கள் முதலில் தயங்கினார்கள், பிறகு வாசலில் உட்கார்ந்து காவல் இருந்தார்கள். இந்த உரை அச்சாகும்போது கடைசிப் பக்கத்தில் எதுவும் அச்சிட வேண்டாம் என்று மன்றத்தைக் கேட்டிருக்கிறோம். அதில் வரைந்து எடுத்துக்கொண்டு அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு வாருங்கள். தோழர் இருந்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பார்.