வேலைநிலையக் கணினிகளும் முறைவழியாக்கி மாற்றமும்: ஒரு வரலாற்று நோக்கு

கணினியின் வரலாற்றை எழுதப் புகுந்தோருட் பலர், புதியது பழையதை வென்ற கதையாகவே அதனை எழுதிச் சென்றுள்ளனர். ஒரு பொறி வந்தது, சில ஆண்டுகள் கோலோச்சியது, அடுத்தது வந்து அதனை வீழ்த்தியது என அரச பரம்பரை உரைப்பது போன்ற இம்முறையில், ஒரே பொறியின் உள்ளே நிகழ்ந்த மாற்றங்கள் இடம்பெறுவதில்லை. 1980களிலும் 1990களிலும் பொறியியலாளரும் விஞ்ஞானிகளும் பயன்படுத்திய வேலைநிலையக் கணினிகளைப் பொறுத்தவரை இது சிறிய குறையன்று. தனியொருவரின் மேசையில் அமர்ந்து, பெரிய திரையும் வலையமைப்புத் தொடர்பும் கொண்டு விளங்கிய அப்பொறிகளுட் பல, கணிக்கும் உறுப்பாகிய முறைவழியாக்கியைக் கழற்றி வேறொன்றை ஏற்றே தம் வாழ்நாளை நீட்டிக்கொண்டன. இன்று அவற்றைப் பழுதுபார்த்து மீள இயக்குவோர் உறுப்புகளை மாற்றும்போது, ‘இது அசலைக் கெடுக்கும் செயல்’ எனக் குறை கூறுவோர் உளர். அக்குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை அறிய, இவ்வழக்கத்தின் தோற்றுவாயை நோக்குதல் வேண்டும்.

தோற்றுவாய் ஒரு குறைபாட்டிலேயே இருந்தது. மோட்டறோலா நிறுவனம் 1979இல் வெளியிட்ட 68000 என்னும் முறைவழியாக்கி, அக்காலத்து வேலைநிலையங்களை ஆக்க முனைந்தோருக்குப் பெருவாய்ப்பாக வந்தது. ஆயினும் பெருங்கணினிகளில் வழக்கிலிருந்த மெய்நிகர் நினைவக முறையை அது தாங்கமாட்டாததாயிற்று. அம்முறையில், வேண்டிய தரவுப் பக்கம் நினைவகத்தில் இல்லையாயின், நடந்துகொண்டிருக்கும் கட்டளையை இடையில் நிறுத்தி, வட்டிலிருந்து பக்கத்தைக் கொணர்ந்து, நிறுத்திய கட்டளையை மீண்டும் தொடங்குதல் அவசியம். 68000 தான் நின்ற நிலையைத் தொடர்வதற்குப் போதிய அளவில் குறித்துவைப்பதில்லை. வாசித்த வரியை மறந்துபோகும் ஏடு வாசிப்பவனைப் போன்றது அது.

இவ்விடரை இரு நிறுவனங்கள் இரு வழிகளிற் கடந்தன. 1980இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் நிறுவப்பட்ட அப்பலோ நிறுவனம், 1981இல் வந்த தன் டிஎன்100 பொறியில் இரண்டு 68000களை வைத்தது. பக்கம் இல்லாதபோது முதலாவது அப்படியே நிறுத்திவைக்கப்படும். இரண்டாவது பக்கத்தைக் கொணர்ந்தபின் முதலாவது விடுவிக்கப்படும். சூழ்ச்சி நயமானதே, செலவோ இரட்டிப்பு. ஸ்ரான்போட் பல்கலைக்கழக மாணவராக இருந்த அன்டி பெக்ரொல்ஷைம் வகுத்த பொறியை அடிப்படையாகக் கொண்டு 1982இல் கலிபோர்ணியாவில் எழுந்த சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனமோ, முதலில் 68000உடன் சன்-1ஐ விற்றது. பின்னர், அக்குறை நீக்கப்பட்ட 68010 வந்ததும் அதனைத் தழுவிச் சன்-2ஐ ஆக்கியது. இங்கு மனங்கொள்ளத்தக்கது யாதெனில், பழைய சன்-1 பெட்டிக்குள் சன்-2இன் பலகையைப் பொருத்தி அதனை மேம்படுத்தும் வழியும் இருந்தமையாகும். அவ்வாறு மேம்பட்டவை 2/100யு எனக் குறிக்கப்பட்டன. வெளியே சன்-1, உள்ளே சன்-2. எனவே, முறைவழியாக்கியை மாற்றும் வழக்கம் பிற்காலச் சேகரிப்பாளரின் கண்டுபிடிப்பன்று. பொறியை ஆக்கியோரே அதனைத் தொடக்கி வைத்தனர்.

இவ்வழக்கம் தன் உச்சத்தை அடைந்தது 1992இல் வந்த ஸ்பார்க்ஸ்ரேஷன் 10இலும் 1994இல் வந்த ஸ்பார்க்ஸ்ரேஷன் 20இலும் எனலாம். தட்டையான வடிவத்தாற் ‘பீற்சாப் பெட்டி’ என அழைக்கப்பட்ட இப்பொறிகளின் தாய்ப்பலகையில் முறைவழியாக்கி நிலையாகப் பற்றாசு வைத்து இணைக்கப்படவில்லை. எம்பஸ் எனப்பட்ட பாட்டையில் இரண்டு பொருத்திடங்கள் விடப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு முறைவழியாக்கியையோ இரண்டையோ சுமந்த சிறு பலகை அமரும். ஆக நான்கு வரை ஏற்றலாம். சன் நிறுவனமும் ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸும் ஆக்கிய சூப்பர்ஸ்பார்க் ஒரு புறமும், 1988இல் தோன்றிய றொஸ் ரெக்னொலொஜி நிறுவனத்தின் ஹைப்பர்ஸ்பார்க் மறுபுறமுமாக ஒரே பொருத்திடத்துக்குப் போட்டி நிகழ்ந்தது. பொறியை விற்றவரிடமிருந்தன்றி வேறொருவரிடமிருந்து அதன் மூளையை வாங்கக்கூடிய நிலை இது. 1995இல் வெளியான ‘ரோய் ஸ்ரோறி’ திரைப்படத்தின் படிமங்களைக் கணித்த 117 ஸ்பார்க்ஸ்ரேஷன் 20களுள், 87 இரு முறைவழியாக்கிகளையும் 30 நான்கு முறைவழியாக்கிகளையும் கொண்டிருந்தன. பெயரும் பெட்டியும் ஒன்றே, உள்ளீடு வேறு.

இத்தகைய பொறியொன்றை இன்று பழுதுபார்ப்பவர் எதிர்கொள்வன பல. சூப்பர்ஸ்பார்க் பலகையும் ஹைப்பர்ஸ்பார்க் பலகையும் ஒரே பொறியில் ஒருங்கே இயங்கமாட்டா. வெளிப் பதுக்கு நினைவகம் இல்லாத சூப்பர்ஸ்பார்க் பலகை, பாட்டையின் துடிப்பு வேகத்துக்கே கட்டுப்பட்டது. அப்பாட்டையோ ஒரு பொறியில் 40 மெகாஹேட்ஸ், மற்றதில் 50. தொடக்கநிலை மென்பொருளைச் சுமந்த சில்லு மிகப் பழையதாயின், புதிய பலகையை அது இனங்காணாது. பலகையின் நுண்ணிய தொடுமுனைகளைச் சாய்வாக அழுத்தினால் அவை வளைந்துவிடும். அவ்வாறு கெட்ட பொருத்திடத்தைச் சீராக்குதல் எளிதன்று. நான்கு முறைவழியாக்கிகளின் வெப்பம் அவ்வொடுங்கிய பெட்டியைத் திணறச் செய்வதுண்டு. இவற்றுக்கு மேலாக, முதுமையடைந்த மின்வழங்கியிலுள்ள மின்பகு கொள்ளளவிகள் வற்றியோ கசிந்தோ போயிருக்கும். முறைவழியாக்கி கெட்டது எனக் கருதப்படும் பொறியிற் குற்றம் மின்வழங்கியில் இருத்தலும் கூடும். ஆதலால் அனுபவசாலிகள் முதலில் மின்னழுத்தத்தை அளந்து பார்த்த பின்னரே பலகையிற் கை வைப்பர்.

இனி, அசல் பற்றிய வினாவுக்கு வருவோம். பழைய ஏட்டுச்சுவடி செல்லரித்தபோது வேறோர் ஓலையிற் படியெடுத்துக் காத்தனர் நம் முன்னோர். நூல் வாழ்ந்தது, ஆனால் படியெடுத்தவர் தாமாகத் திருத்திய இடங்களைக் குறிக்காமல் விட்டபோது பாட ஆய்வாளர் இடர்ப்பட நேர்ந்தது. வேலைநிலையத்தின் நிலையும் ஏறத்தாழ இதுவே. மாற்றுவதற்கென்றே வகுக்கப்பட்ட உறுப்பை மாற்றுதல் பொறியின் இயல்புக்கு முரணானதன்று. 1992இற் சூப்பர்ஸ்பார்க்குடன் விற்கப்பட்டு, சில ஆண்டுகளின் பின் உரிமையாளரால் ஹைப்பர்ஸ்பார்க் ஏற்றப்பட்ட பொறி, அந்நிலையத்தின் வருவாயையும் தேவையையும் பற்றிச் சான்று பகர்கிறது. அதனைக் கழற்றி விற்பனை நாளின் நிலைக்குத் ‘திருப்பியமைப்பவர்’ உண்மையில் ஒரு சான்றை அழிக்கின்றார். மறுதலையாக, மிக வேகமான பலகையைத் தேடிப்பிடித்து ஏற்றிவிட்டு, முன்னிருந்தது எதுவெனக் குறிக்காது விடுபவரும் அதே தவற்றைச் செய்கின்றார். கழற்றிய பலகையை உறையிலிட்டு, நாளும் காரணமும் எழுதிப் பொறியுடனேயே வைப்பதற்குச் சில நிமிடங்களே செல்லும்.

இத்தனைக்கும், இப்பொறிகள் தம் அடையாளத்தை முறைவழியாக்கியில் வைத்திருக்கவில்லை என்பது வியப்புக்குரியது. தாய்ப்பலகையிலுள்ள கடிகார நினைவகச் சில்லொன்றிலேயே பொறியின் தனி எண்ணும் வலையமைப்பு முகவரியும் பொறிக்கப்பட்டிருந்தன. விலையுயர்ந்த மென்பொருள்கள் சில அத்தனி எண்ணைக் கண்டாலன்றி இயங்கா. அச்சில்லின் மூடிக்குள் லித்தியம் மின்கலமொன்று எப்பொக்சியால் அடைக்கப்பட்டிருந்தது; எதிர்பார்த்த ஆயுள் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள். அது தீர்ந்ததும், நான்கு புதிய முறைவழியாக்கிகளை ஏற்றியிருப்பினும், பொறி தன் முகவரியை மறந்து எல்லா இலக்கமும் எஃப் எனக் காட்டும். பழுதுபார்ப்போர் எப்பொக்சியை அரத்தால் அராவி, மின்கலத்தின் முனைகளை வெளிக்கொணர்ந்து, புதிய நாணய வடிவ மின்கலத்தைப் பற்றாசு வைத்து இணைக்கின்றனர். அதன்பின் முகவரியைக் கையாலேயே தட்டெழுதுதல் வேண்டும். சில்லின் மேல் ஒட்டிய சிறு தாளில் பழைய எண் எஞ்சியிருந்தால் அதையே மீள இடுவர். தாள் உதிர்ந்திருந்தால், சன் நிறுவனத்துக்குரிய 8:0:20 என்னும் முதன் மூன்று பகுதிகளையும் இட்டு, எஞ்சிய மூன்றையும் தாமே புனைந்துகொள்வர்.