அலுவலக மடிக்கணினியும் வைத்திருந்தவர் வாக்கும்

பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் மாடு வாங்கப் போகிறவர், தரகர் சொல்வதை மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தை எடுத்து நீட்டிவிடுவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலு அடி நடக்கவிட்டுப் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, இதுவரை அந்த மாட்டை வைத்திருந்தவர் யார், ஏன் விற்கிறார் என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். அதே வீட்டுப் பிள்ளை கல்லூரியில் சேர்ந்து, ஒரு மடிக்கணினி வாங்கக் கிளம்பும்போது மட்டும் இந்த விசாரணை ஏனோ மறந்துவிடுகிறது. கடைக்காரர் சொல்லும் ஐ5, எட்டு ஜிபி, 256 ஜிபி என்ற எண்களே போதும் என்று தோன்றிவிடுகிறது.

உண்மையில் கணினியை வைத்திருந்தவரிடம் கேட்டு வாங்கும் வழக்கம் கையில் தூக்கிச் செல்லும் கணினி பிறந்த போதே பிறந்துவிட்டது. இதில் வியப்பான செய்தி, அந்த முதல் கணினிக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் உள்ள தொடர்பு!

1981ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த கணினிக் கண்காட்சியில் 'ஆஸ்போர்ன் 1' என்ற கணினி அறிமுகமானது. எடை சுமார் 11 கிலோ. திரை வெறும் 5 அங்குலம். பேட்டரி கிடையாது, சுவரில் செருகித்தான் இயக்க வேண்டும். தையல் இயந்திரப் பெட்டியைப் போலக் கைப்பிடியோடு இருந்த இதை இன்று மடிக்கணினி என்று சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் வணிக வெற்றி பெற்ற முதல் தூக்கிச் செல்லும் கணினி இதுவே ஆகும். விலை 1,795 டாலர். கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் தேவையான மென்பொருள்களையும் சேர்த்தே கொடுத்தார்கள் என்பதால் வியாபாரிகளும் எழுத்தாளர்களும் போட்டி போட்டு வாங்கினார்கள்.

இதைக் கொண்டுவந்த ஆடம் ஆஸ்போர்ன் 1939இல் பாங்காக்கில் பிறந்தவர். அவருடைய தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் அடியவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தந்தை பாங்காக்கில் ஜப்பானியர்களின் சிறைமுகாமில் இருக்க, தாயும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில் வாழ்ந்தார்கள். ஆடம் அங்கே தமிழ் பேசி வளர்ந்தார், கொடைக்கானலில் பள்ளிக்குச் சென்றார், பிறகு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். வாழ்நாளின் கடைசிப் பகுதியில் நோயுற்றுக் கொடைக்கானலுக்கே திரும்பி வந்து 2003ஆம் ஆண்டு மார்ச் மாதம் அங்கேயே காலமானார். கணினி வரலாற்றில் இவ்வளவு பெரிய பெயரைத் தமிழ்நாட்டில் பலரும் அறியாமல் இருப்பது வருத்தத்திற்குரியது.

ஆஸ்போர்ன் கணினி விற்பதற்கு முன்பு கணினி நூல்களை எழுதியும் பதிப்பித்தும் வந்தவர். இதழ்களில் தொடர் பத்தியும் எழுதினார். எந்த நிறுவனம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது, எது வெறும் விளம்பரத்தோடு நின்றது என்று வெளிப்படையாக எழுதுவதே அவர் பத்தியின் சுவை. வாங்குபவர் பக்கம் நின்று பேசிய அந்த மனிதர், தானே விற்பவரானபோது அவருடைய வாடிக்கையாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1981இலேயே கலிபோர்னியாவில் 'முதல் ஆஸ்போர்ன் குழு' என்று ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். ஆங்கிலத்தில் அதன் சுருக்கப் பெயர் ஃபாக். அவர்கள் வெளியிட்ட இதழின் பெயர் ஃபாக்ஹார்ன். கணினியை வைத்திருப்பவர் தன் அனுபவத்தை இன்னொருவருக்குச் சொல்வதே அந்த இதழின் வேலையாக இருந்தது. இப்படிப்பட்ட பயனர் சங்கங்கள் அந்தக் காலத்தில் கணினியின் பெயருக்கு ஒன்றாகத் தோன்றின. நிறுவனம் இருக்கிறதோ இல்லையோ, வைத்திருப்பவர்கள் இருந்தார்கள். ஆஸ்போர்ன் நிறுவனம் 1983 செப்டம்பரில் திவாலானது. புதிய மாடல் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொன்னதால் பழையதை வாங்க ஆளில்லாமல் போனது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஃபாக் சங்கம் அதன் பிறகும் நடந்தது.

அடுத்த பத்தாண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1982இல் வந்த கிரிட் காம்பஸ் இன்றைய மடிக்கணினி போலத் திறந்து மூடும் வடிவம் கொண்டது. 8,000 டாலருக்கு மேல் விலை என்பதால் அமெரிக்க விண்வெளி ஓடத்தில் பறந்ததே தவிர, சாமானியர் மடிக்கு வரவில்லை. 1985இல் தோஷிபாவின் டி1100 வந்தது. 1992 அக்டோபரில் ஐபிஎம் நிறுவனம் திங்க்பேட் 700சி என்ற கறுப்புப் பெட்டியை வெளியிட்டது. ஜப்பானியரின் மதிய உணவுப் பெட்டியை மனதில் வைத்து ரிச்சர்ட் சாப்பர் என்ற வடிவமைப்பாளர் அமைத்த தோற்றம் அது. விசைப்பலகையின் நடுவே சிவப்பு நிறத்தில் ஒரு சிறு குமிழ். 10.4 அங்குல வண்ணத்திரை. அதன் விலையும் 4,000 டாலரைத் தாண்டியது. டெல் நிறுவனத்தின் லாட்டிடியூட் 1994இல் வந்தது. எச்பியின் எலைட்புக் 2008இல்.

இவைதான் 'பிசினஸ் லேப்டாப்' எனப்படும் வகை. வீட்டு மடிக்கணினிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? உறுதியான கீல், நல்ல விசைப்பலகை என்று பலரும் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் அடிப்படை வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. இதைப் பயன்படுத்துபவர் இதை வாங்குவதில்லை, வாங்குபவர் பயன்படுத்துவதில்லை! ஒரு நிறுவனம் ஆயிரக்கணக்கில் மொத்தமாக எடுக்கும், பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில். பழுதானால் அலுவலகக் கணினிப் பிரிவே திறந்து சரிசெய்ய வேண்டும். அதனால்தான் எந்தத் திருகை எந்த வரிசையில் கழற்றுவது என்பது வரை விளக்கும் பராமரிப்புக் கையேட்டை ஐபிஎம் யாரும் படிக்கும்படி வெளியிட்டது. பிற நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. உதிரிப் பாகங்களும் பல ஆண்டுகள் கிடைத்தன. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் இயந்திரங்கள் மொத்தமாக வெளியே வரும். அப்போதுதான் முதன்முறையாகத் தன் சொந்தப் பணத்தைப் போட்டு வாங்கும் ஒருவர் அந்தக் கணினியின் வாழ்க்கையில் வருகிறார். முன்பு வைத்திருந்தவரைக் கேட்க வேண்டிய தேவை இவருக்குத்தான் அதிகம். முன்பு வைத்திருந்தவரோ எங்கேயோ ஓர் அலுவலகத்தில் பெயர் தெரியாத ஊழியர்.

விவரப் பட்டியல் சொல்லாததை வைத்திருந்தவர் சொன்னதற்குச் சில சான்றுகள் உண்டு. 2006ஆம் ஆண்டு ஜப்பானில் ஒரு கருத்தரங்கில் டெல் மடிக்கணினி தீப்பற்றி எரிந்த படம் உலகமெங்கும் பரவியது. சோனி தயாரித்த பேட்டரிகளே காரணம் என்பதால் ஆகஸ்டில் டெல் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. ஆப்பிள் 18 லட்சம். செப்டம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் ஒரு திங்க்பேட் புகைந்த பிறகு லெனோவோவும் ஐபிஎம்மும் 5,26,000 பேட்டரிகளைத் திரும்பப் பெற்றன. (ஐபிஎம்மின் கணினிப் பிரிவை லெனோவோ 2005 மே மாதமே வாங்கி முடித்திருந்தது.)

2008இல் நடந்தது இன்னும் நுட்பமானது. என்விடியா நிறுவனத்தின் சில கிராபிக்ஸ் சில்லுகள் சூடாகி ஆறி, சூடாகி ஆறிப் பழுதாகின்றன என்பதை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு ஜூலையில் 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. பாதிக்கப்பட்ட மாடல்களின் பட்டியலில் டெல் லாட்டிடியூட் டி630 என்ற புகழ்பெற்ற அலுவலக மடிக்கணினியும் இருந்தது. ஆனால் அதே டி630இல் இன்டெல் கிராபிக்ஸ் உள்ள வகையும் உண்டு, அதற்கு இந்த நோய் இல்லை. வெளித்தோற்றம் ஒன்று, பெயர் ஒன்று. பட்டியலைப் பார்த்தால் என்விடியா உள்ளதுதான் 'உயர்ந்த' வகை, விலையும் கூடுதல். எதை வாங்க வேண்டும் என்று வைத்திருந்தவரைக் கேட்டிருந்தால் தலைகீழாகச் சொல்லியிருப்பார்!

வைத்திருப்பவர் பேச்சுக்கு நிறுவனமே பணிந்ததும் உண்டு. 2013இல் வந்த திங்க்பேட் டி440இல் சிவப்புக் குமிழுக்குரிய தனிப் பொத்தான்களை லெனோவோ எடுத்துவிட்டது. பழகிய கைகள் தடுமாறின, குறைகள் குவிந்தன. 2015இல் வந்த டி450இல் பொத்தான்கள் திரும்பி வந்துவிட்டன. இடையில் டி440 வாங்கியவர்கள் பாவம், அதைத்தான் வைத்து அழ வேண்டியிருந்தது.

இந்த வரலாறு தமிழ்நாட்டுக்கு வெளியே நடந்த கதை மட்டுமல்ல. சென்னையில் டைடல் பார்க் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்டது முதல் பழைய மாமல்லபுரம் சாலை நெடுக அலுவலகங்கள் வளர்ந்தன, அலுவலக மடிக்கணினிகளும் வந்து குவிந்தன. 2007இல் ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் டெல் தன் ஆலையைத் திறந்தது. எச்பி நிறுவனம் எலைட்புக், புரோபுக் ஆகியவை உள்ளிட்ட மடிக்கணினிகளை ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ஃப்ளெக்ஸ் ஆலையில் தயாரிப்பதாக 2021 டிசம்பரில் அறிவித்தது. திருவள்ளூர் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே செய்யப்படும் பொருள், நிறுவனங்களுக்குப் போய், மூன்று நான்கு ஆண்டு உழைத்துவிட்டு, சென்னை ரிச்சி தெருவில் பாதிக்கும் குறைவான விலையில் மீண்டும் கண்ணில் படுகிறது.

மடிக்கணினி என்பதே பல கிராமத்து வீடுகளுக்கு வந்தது அரசுத் திட்டம் வழியாகத்தான். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கறவை மாடும் ஆடும் வழங்கும் திட்டமும் அதே நாளில், அதே மாவட்டத்தில்தான் தொடங்கியது. மாடும் மடிக்கணினியும் சேர்ந்தே வந்த ஊர்கள் இவை! பேட்டரி எப்படித் தேயும், சார்ஜர் ஒயர் எந்த இடத்தில் அறும், கீல் எப்போது தளரும் என்பதையெல்லாம் அந்தக் கணினிகளை வைத்துத்தான் அண்ணன்களும் அக்காக்களும் கற்றுக்கொண்டார்கள். அடுத்த கணினியைத் தன் காசில் வாங்கும் தம்பிக்கு அந்த அனுபவம் வீட்டிலேயே கிடைக்கிறது. ஆனால் அலுவலக மடிக்கணினிக்குள் வேறு சில சிக்கல்கள் உண்டு, அவை வீட்டில் யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை.

முதலாவது பூட்டு. பழைய நிறுவனம் போட்டுவைத்த பயாஸ் கடவுச்சொல் நீங்காமல் வரும் இயந்திரங்கள் உண்டு. திங்க்பேட்டில் மேற்பார்வையாளர் கடவுச்சொல் மறந்துபோனால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் நிறுவனத்தின் பதில். உள்ளே இருக்கும் சிறு பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அது அழியாது. இன்னொரு பூட்டு கண்ணுக்கே தெரியாது. கடையில் நன்றாக ஓடிய கணினி, வீட்டில் விண்டோஸை மறுபடி நிறுவி இணையத்தோடு இணைத்ததும் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி ஊழியர் கணக்கைக் கேட்கும். பட்டியலில் இருந்து அந்த நிறுவனம் நீக்கினால் ஒழிய வழியில்லை. தறியில் மாதக்கணக்கில் உழைத்துச் சேர்த்த பணம் அந்தத் திரையின் முன் மாட்டிக்கொண்டு நிற்கும்.

அடுத்தது வயது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். இதனால் ஏழாம் தலைமுறை வரையிலான நல்ல நல்ல அலுவலக மடிக்கணினிகள் மலிவாக விற்கின்றன. லினக்ஸ் போதும் என்பவருக்கு இது லாபம். கல்லூரித் தேர்வு மென்பொருளுக்கு விண்டோஸ் கட்டாயம் என்பவருக்கு நட்டம். 2017இல் வந்த டி470க்கும் 2018இல் வந்த டி480க்கும் பார்வைக்கு வேறுபாடு தெரியாது. கோடு விழுவது இவ்விரண்டுக்கும் நடுவில்தான்.

அந்த டி480தான் பழைய சந்தையில் பலரும் தேடும் மாடல். நினைவகத்துக்கு இரண்டு இடம், வெளியிலிருந்தே மாற்றக்கூடிய பேட்டரி. அடுத்து வந்த டி490இல் இரண்டுமே குறைந்துபோயின. அப்படியானால் டி480 குறையில்லாததா? இல்லை. அந்த ஆண்டுகளில் வந்த பல திங்க்பேட்களில் யுஎஸ்பி-சி துளையைக் கட்டுப்படுத்தும் சில்லின் மென்பொருள் கெட்டு, சார்ஜ் ஏறாமல் போகும் கோளாறு இருந்தது. லெனோவோ புதுப்பிப்பு வெளியிட்டது. அதைச் செய்யாமலே ஓட்டிய இயந்திரத்தில் துளை செத்துவிட்டால் செலவு பெரிது. இதை எந்த விலைச்சீட்டிலும் எழுதமாட்டார்கள். வைத்திருந்தவர்கள் சொல்லித்தான் தெரியவந்தது.

ஆகவே பள்ளிப்பட்டிலிருந்து பஸ் ஏறித் திருத்தணியில் ரயில் பிடித்துச் சென்ட்ரலில் இறங்கும் மாணவருக்கு, சென்னைப் பயணத்துக்கு முந்தைய நாலு நாள்தான் முக்கியம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் உறவினர் யாராவது அதே மாடலை அலுவலகத்தில் வைத்திருப்பார். "மாமா, அது எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்பார். என்ன பழுதுக்காகக் கணினிப் பிரிவிடம் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள், எத்தனை முறை கொடுத்தீர்கள் என்று கேட்டால் உண்மை வரும். கடையில் பயாஸ் திரைக்குள் போய்ப் பார்க்க வேண்டும், அங்கேயே விண்டோஸை மீண்டும் நிறுவச் சொல்லிச் செல்பேசி இணையத்தோடு இணைத்துப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு துளையிலும் சார்ஜரைச் செருகிப் பார்க்க வேண்டும். பேட்டரியின் பழைய கொள்ளளவையும் இன்றைய கொள்ளளவையும் விண்டோஸே அறிக்கையாகக் காட்டும். இதற்கெல்லாம் கடைக்காரர் முகம் சுளித்தால் ரிச்சி தெருவில் அடுத்த கடை பத்தடி தூரத்தில் இருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தால், ரசீதில் கணினியின் வரிசை எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு மாலை ரயிலுக்குத் திரும்பலாம்.