தாய்மண்ணுக்குத் திரும்பும் ஓய்வூதியரும் வீசாப் புதுப்பித்தலும்

இலண்டனிலோ ரொறன்ரோவிலோ முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற ஒருவர் தமது இறுதிக் காலத்தை நறுவிலிக்குளத்திலுள்ள பெற்றோரின் வளவில் கழிக்க விரும்பினால், விமான நிலையத்தில் அவர் ஓர் அந்நியராகவே வந்திறங்குகிறார். பிறந்த ஊரில் வாழ்வதற்கு வீசா எடுக்க வேண்டியிருப்பதும், தவணை முடியும்போது அதைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதும் பலருக்கு மனவருத்தம் தரும் விடயங்களாகும். எனினும் சட்டம் அவ்வாறுதான் அமைந்துள்ளது. நானாட்டான், வங்காலை, முசலி, எருக்கலம்பிட்டி எனப் புலம்பெயர்ந்தோரைக் கொண்ட மன்னார்ப் பகுதிகள் எங்கும் இது குறித்துத் தெளிவு தேவை என நாம் கருதுகின்றோம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, வேறொரு நாட்டின் பிரஜாவுரிமையைத் தாமாக விரும்பிப் பெறும் இலங்கையர் தமது இலங்கைப் பிரஜாவுரிமையை இழக்கின்றார். அதற்கென எவரும் கடிதம் அனுப்புவதில்லை. ஆதலால் பழைய அடையாள அட்டை கையில் இருப்பதை வைத்துத் தாம் இன்னும் இலங்கையரே என நம்பியிருப்போர் உள்ளனர். நிரந்தர வதிவிட உரிமையை மட்டும் பெற்று இலங்கைக் கடவுச்சீட்டைக் கைவிடாதிருந்தோருக்கு இப்பிரச்சினை இல்லை. கணவன், மனைவி இருவரில் ஒருவர் அவ்வாறு இருந்தால், மற்றவர் இலங்கைப் பிரஜையின் வாழ்க்கைத் துணை என்ற வகையில் வதிவிட வீசாவுக்கு விண்ணப்பிக்கலாம். இது ஓய்வூதிய வீசாவை விட இலகுவான வழி.

ஓய்வுபெற்ற வெளிநாட்டவருக்கெனக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் நடத்திவரும் திட்டம் 'எனது கனவு இல்லம்' என்பதாகும். 55 வயதைக் கடந்தோருக்கான இத்திட்டத்தின் நிபந்தனைகள் பணத்தைச் சுற்றியே அமைந்தவை. 15,000 அமெரிக்க டொலரை இலங்கை வங்கியொன்றில் நிலையான வைப்பாக இட வேண்டும். மாதந்தோறும் 1,500 டொலர் அல்லது அதற்கு ஈடான வெளிநாட்டு நாணயம் வந்துசேர வேண்டும். தங்கிவாழும் ஒவ்வொருவருக்கும் மேலும் 750 டொலர். வீசா இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கப்படும். புதுப்பிக்கும்போது வைப்பு குறையாதிருப்பதையும், மாதாந்தப் பணம் தவறாது வந்ததையும் வங்கி ஆவணங்கள் மூலம் காட்ட வேண்டும். ஆறு மாதம் அனுப்பாமல் விட்டு, பின்னர் ஒரே தொகையாக அனுப்புவது கணக்கில் சரியாகத் தோன்றலாம். மாதந்தோறும் என்ற நிபந்தனைக்கு அது விடையாகாது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பமாகின்றது. பிரித்தானியாவின் முழுமையான புதிய அரச ஓய்வூதியம் 2025-26 நிதியாண்டில் வாரத்துக்கு 230.25 பவுண் ஆகும். மாதக் கணக்கில் ஆயிரம் பவுணுக்குச் சற்றுக் குறைவு. ஒரு பவுண் 1.30 டொலர் என வைத்துக்கொண்டால் கிடைப்பது ஏறத்தாழ 1,300 டொலர். ஆக, ஆயுள் முழுவதும் காப்புறுதிப் பணம் கட்டி முழு ஓய்வூதியம் பெறுபவர்கூட அதை மட்டும் கொண்டு இலங்கையின் நிபந்தனையை நிறைவேற்ற இயலாது. தனியார் ஓய்வூதியமோ, வீட்டு வாடகையோ, பிள்ளைகளின் உதவியோ சேர வேண்டும்.

அத்துடன், இலங்கையில் வாழும் பிரித்தானிய ஓய்வூதியருக்கு ஆண்டுதோறுமான அதிகரிப்புக் கிடையாது. வந்து குடியேறிய காலத்துத் தொகையிலேயே அது உறைந்துவிடும். பிலிப்பைன்சில் வாழ்பவருக்கு அதிகரிப்பு உண்டு. இலங்கையிலும் இந்தியாவிலும் வாழ்பவருக்கு இல்லை. மீண்டும் பிரித்தானியாவுக்குக் குடிபெயர்ந்தால் தொகை அன்றைய மட்டத்துக்கு உயரும். வருமானம் குறைந்தோருக்கான ஓய்வூதிய மேலதிகக் கொடுப்பனவோ, நாட்டை விட்டு நான்கு வாரங்களுக்கு மேல் விலகியிருந்தாலே பொதுவாக நின்றுவிடும்.

கனடாவில் முதியோர் பாதுகாப்புக் கொடுப்பனவை வெளிநாட்டில் தொடர்ந்து பெறுவதற்கு, 18 வயதின் பின்னர் குறைந்தது 20 ஆண்டுகள் அங்கு வசித்திருக்க வேண்டும். குறைந்த வருமானத்தாருக்கான மேலதிகக் கொடுப்பனவு, ஆறு மாதங்களுக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும். சுவிற்சர்லாந்தின் நிலைமை வேறு விதமானது. சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை இல்லாத இலங்கை போன்ற நாடொன்றின் பிரஜையாகவே இருந்து அந்நாட்டை விட்டு நீங்குபவருக்கு முதுமை ஓய்வூதியம் வெளிநாட்டில் வழங்கப்படுவதில்லை. செலுத்திய பங்களிப்பை மீளக் கோரலாம். சுவிஸ் பிரஜாவுரிமை பெற்றவருக்கோ ஓய்வூதியம் தொடரும். ஆனால் அவர் இலங்கைக்கு வீசா எடுக்க வேண்டியவராகிறார். ஒரு கையால் பெற்று மறு கையால் இழப்பது போன்றதே இது.

வீசாவைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க விரும்பாதோருக்கு இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளது. 1987ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் வந்த இந்த ஏற்பாடு 2011இல் இடைநிறுத்தப்பட்டு 2015இல் மீண்டும் ஆரம்பிக்கப்பட்டது. 55 வயதைக் கடந்திருப்பதும் விண்ணப்பிக்கும் தகுதிகளுள் ஒன்றாகும். முன்னர் சில நாடுகளின் சட்டம் இதற்கு இடந்தரவில்லை. டென்மார்க் 2015இலும், நோர்வே 2020இலும், ஜேர்மனி 2024 ஜூனிலும் தமது தடைகளை நீக்கின. அந்நாடுகளில் வாழும் நம்மவர்கள் பலர் இம்மாற்றத்தை இன்னும் அறியாதிருக்கலாம்.

காணி விடயத்திலும் இதன் முக்கியத்துவம் பெரிது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடைசெய்கிறது. நெருங்கிய உறவினரின் காணி மரபுரிமையாக வருவதற்கும், இரட்டைப் பிரஜைகளுக்கும் விதிவிலக்கு உண்டு. தொடர்மாடியில் நான்காம் மாடியிலோ அதற்கு மேலோ வீடு வாங்கலாம் என்ற விலக்கும் உள்ளது. நறுவிலிக்குளத்தில் அது எவருக்குப் பயன்படும் என்பது வேறு விடயம்.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், பின்னர் போரினால் இடம்பெயர்ந்த தமிழர்களும் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி என்பவற்றை இழந்தவர்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவிலும், காணி உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்திலும் பெறலாம். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கு முன்னரே இதைச் செய்து வைத்தல் நன்று. வளைகுடா நாடுகளில் பல்லாண்டு உழைத்துத் திரும்புவோர் இலங்கைக் கடவுச்சீட்டுடனேயே வருவதால் வீசாத் தொல்லை அவர்களுக்கு இல்லை. ஆனால் அவர்களை வேலைக்கு அமர்த்திய நாடு மாதாந்த ஓய்வூதியம் எதையும் அனுப்புவதுமில்லை.

வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருந்தும், வதிவிட வீசாவுக்காகப் பத்தரமுல்லைத் தலைமையகத்தையே மக்கள் நாட வேண்டியுள்ளது. மன்னாரிலிருந்து அது ஏறத்தாழ 300 கிலோமீற்றர். எழுபது வயதானவர் ஒருவர் வங்கிக் கடிதத்தில் ஒரு மாதத்தின் பதிவு விடுபட்டதற்காக இத்தூரத்தை இருமுறை பயணிக்க நேரலாம். எனவே வீசா முடிவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே வங்கியிடம் கடிதம் கேட்டு, மாதவாரியான பதிவுகளை வீட்டிலிருந்தே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கடவுச்சீட்டின் காலாவதித் திகதியையும் அப்போதே பார்த்துவிடலாம்.